ஒரு மலைக்கு ஒரு பல்லி: புதிய சிற்றினம் எப்படி உருவாகிறது, அதை எப்படி ஆராய்கிறார்கள்

சேலத்தில் பஸ் ஏறும்போது சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டில் இறங்கியதும் கை தானாகச் சால்வையைத் தேடும். ஊருக்கும் மலைக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால் ஏழெட்டு டிகிரி சூடு இறங்கியிருக்கிறது. நமக்கு இது ஒரு மணி நேரப் பயணம். விரல் நீளம்கூட இல்லாத, குளிர்ந்த நிழலில் மட்டுமே வாழப் பழகிய ஒரு மலைப் பல்லிக்கு, கீழே தெரியும் சேலத்துச் சமவெளி நீந்திக் கடக்க முடியாத கடல்.

புதிய சிற்றினம் பிறப்பதைப் பற்றிப் பேசினாலே காலபாகஸ் தீவுகளைக் காட்டுவார்கள். நான் மாணவர்களை ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நிறுத்திக் கீழே பார்க்கச் சொல்கிறேன். தீவு என்றால் சுற்றித் தண்ணீர் இருக்க வேண்டும் என்பதில்லை. சேர்வராயன், கொல்லி, கல்வராயன், சித்தேரி, பச்சைமலை எல்லாமே வெயில் சமவெளி சூழ்ந்த தீவுகள்தான். இங்கே நின்றபடி பாடம் முழுவதையும் படிக்கலாம்.

முதல் படி: எதைச் சிற்றினம் என்கிறோம்?

பெரும்பாலான பாடங்களில் வரும் வரையறை 1942ல் எர்ன்ஸ்ட் மேயர் என்ற உயிரியலாளர் முன்வைத்தது. இயற்கைச் சூழலில் தங்களுக்குள் இனப்பெருக்கம் செய்துகொண்டு, மற்றக் கூட்டங்களோடு அப்படிக் கலக்காமல் இருக்கிற உயிர்களின் கூட்டம் ஒரு சிற்றினம். மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம் குதிரைக்கு 64, கழுதைக்கு 62. இரண்டும் கூடிப் பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63. அவை சரியாக ஜோடி சேராததால் கோவேறு கழுதை குட்டி போடுவது மிக மிக அபூர்வம். கலப்பு ஒரு தலைமுறையோடு நின்றுவிடுகிறது.

நம் பேச்சில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது: கொண்டு கொடுத்தல். இரண்டு ஊர்களுக்கு நடுவே பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற வழக்கம் தொடரும்வரை இந்த ஊர்ச் சாயல் அந்த ஊரில் தலைகாட்டிக்கொண்டே இருக்கும். உயிரினக் கூட்டங்களுக்கு நடுவே நடக்கும் மரபணுப் பரிமாற்றமும் அப்படித்தான். அது நடக்கிறவரை இரண்டு கூட்டமும் ஒன்று. நின்றால் பிரிவு தொடங்குகிறது. இந்த உவமையை மனிதர்கள்மேல் திருப்பிப் போட்டுவிடக் கூடாது. மனிதர் அனைவரும் ஒரே சிற்றினம். சாதியோ மதமோ நாடோ உயிரியல் எல்லை ஆகவே ஆகாது. வகுப்பில் இதை நான் ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேயரின் வரையறையில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. சேர்வராயன் பல்லியும் கொல்லிமலைப் பல்லியும் சந்திப்பதே இல்லை. சந்தித்தால் கலக்குமா என்று காட்டில் பார்க்க வழியில்லை. அதனால் உடல் அமைப்பு, டிஎன்ஏ, வாழிடம், குரல் என்று பல சாட்சிகளைக் கூட்டித் தீர்ப்புச் சொல்கிறார்கள். எந்தச் சிற்றினப் பெயரும் இப்படி வழங்கப்பட்ட தீர்ப்புதான். புதிய சாட்சி வந்தால் மாறும்.

இரண்டாம் படி: இடைவெளியைத் தேடுங்கள்

ஆய்வாளர் முதலில் விரிப்பது வரைபடத்தை. சேலத்திலிருந்து அரூர் போகும் சாலையில் மஞ்சவாடி கணவாய் வருகிறது. ஒரு பக்கம் சேர்வராயன், மறுபக்கம் சித்தேரி மலைகள். நடுவில் இருக்கிற தாழ்வு லாரிக்கு வசதியான வழி. ஈரக் காட்டை நம்பிய உயிருக்கு முட்டுச்சுவர். மேற்குத் தொடர்ச்சி மலையில் இதைவிடப் பெரிய உதாரணம் பாலக்காட்டுக் கணவாய். அதன் வடக்கே நீலகிரியிலும் தெற்கே பழனி, ஆனைமலைப் பக்கத்திலும் சோலைக்காட்டுப் பறவைகள் தனித்தனிச் சிற்றினங்களாகப் பிரிந்திருக்கின்றன. 2017ல் பறவை ஆய்வாளர் ராபினும் அவரோடு பணியாற்றியவர்களும் இந்தப் பறவைகளின் மரபணுவைப் படித்து, ஷோலிகோலா, மாண்டிசிங்க்ளா என்று இரண்டு புதிய பேரினங்களையே (நெருங்கிய சிற்றினங்களின் தொகுப்பு) உருவாக்க வேண்டியிருந்தது. சோலை என்ற தமிழ்ச் சொல் ஒரு பறவைப் பேரினத்தின் பெயருக்குள் போய் உட்கார்ந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இடைவெளி எப்போதும் ஒரே அகலத்தில் இருப்பதில்லை. பூமி ஈரமாக இருந்த காலங்களில் காடு மலையிலிருந்து இறங்கிப் பக்கத்து மலைக் காட்டோடு கைகோத்தது. வறண்ட காலங்களில் உச்சிகளுக்கு ஒதுங்கியது. காடு இறங்கினால் கொண்டு கொடுத்தல் நடக்கும், ஏறினால் அறுபடும். லட்சக்கணக்கான ஆண்டுகளாக இந்த ஏற்ற இறக்கம் நடந்திருக்கிறது.

மூன்றாம் படி: பிரிந்தபின் உள்ளே நடப்பது

பிரிந்த இரண்டு கூட்டங்களிலும் மரபணுவில் சிறு சிறு பிழைகள் தனித்தனியே சேர்கின்றன. சில தற்செயலாகப் பரவுகின்றன. கூட்டம் சிறிதானால் தற்செயலின் கை ஓங்கும். சிலவற்றை அந்த இடத்துச் சூழலே தேர்ந்தெடுக்கிறது. தேர்வு எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதை 1973லிருந்து காலபாகஸில் உள்ள டாஃப்னி மேஜர் என்ற குட்டித் தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி அளந்தார்கள். 1977ல் கடும் வறட்சி. மென்மையான சிறு விதைகள் தீர்ந்து, பெரிய கடின விதைகளே மிஞ்சின. நடுத்தரத் தரைக் குருவிகளில் பெரும்பாலானவை மடிந்தன. பிழைத்தவற்றின் அலகு சராசரியாகப் பருமனாக இருந்தது, அவற்றின் குஞ்சுகளுக்கும் அப்படியே வந்தது.

அதே தீவில் 1981ல் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த எஸ்பான்யோலா தீவிலிருந்து ஒரு பெரிய ஆண் குருவி வந்து சேர்ந்தது. உள்ளூர்ப் பெட்டையோடு ஜோடி சேர்ந்தது. அதன் வாரிசுகள் சில தலைமுறைகளுக்குள் தங்களுக்குள்ளேயே ஜோடி சேரத் தொடங்கின. பாட்டு வேறு, அலகு வேறு என்பதால் மற்றக் குருவிகள் அவற்றைச் சேர்க்கவில்லை. ஒரு வம்சம் தனித்துப் போவதைக் கண்ணெதிரே குறிப்பேட்டில் எழுதிய கதை இது.

ஆய்வகத்தில் செய்து பார்த்தவர் டயான் டாட். ஒரே கூட்டத்துப் பழ ஈக்களைப் பிரித்து, சில புட்டிகளில் மாவுச்சத்து உணவும் சிலவற்றில் மால்ட்டோஸ் என்ற சர்க்கரை உணவும் கொடுத்துப் பல தலைமுறை வளர்த்தார். பிறகு சேர்த்துவிட்டபோது மாவு ஈ மாவு ஈயையே நாடியது, சர்க்கரை ஈ சர்க்கரை ஈயை. 1989ல் வெளியான இந்த ஆய்வில் என்னைக் கவர்ந்த இடம் வேறு. தனித்தனிப் புட்டிகளில் வளர்ந்த இரண்டு மாவு ஈக் கூட்டங்களையும் அவர் சேர்த்துப் பார்த்தார். அவை தயங்காமல் ஜோடி சேர்ந்தன. வெறும் பிரிவு இந்த விருப்பத்தை உண்டாக்கவில்லை, உணவுச் சூழலுக்குப் பழகியதுதான் உண்டாக்கியது என்று அந்த ஒரு ஒப்பீடு காட்டிக்கொடுத்தது. நல்ல ஆய்வு இப்படி மறுபக்கத்தையும் கேட்டுவிடும்.

இரண்டு கூட்டமும் நலமாக இருக்க, அவற்றின் கலப்புக் குட்டி மட்டும் ஏன் நலிந்துபோகிறது? இதற்கு மரபியலாளர்கள் டாப்ஷான்ஸ்கி, முல்லர் சொன்ன விளக்கத்தை நான் இட்லி மாவில் சொல்வேன். ஒரு வீட்டில் உளுந்தைக் கூட்டினார்கள், அதற்கேற்பப் புளிக்க வைக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். இன்னொரு வீட்டில் அரிசியை மாற்றி, நேரத்தை வேறுவிதமாக மாற்றினார்கள். இரண்டு வீட்டிலும் இட்லி பூப்போல வருகிறது. இந்த வீட்டு அளவை அந்த வீட்டு நேரத்தோடு சேர்த்துப் பாருங்கள், கல். மரபணுக்களும் தத்தம் வீட்டுத் துணைகளோடு ஒத்துப்போகும்படிதான் மாறியிருக்கின்றன. வேற்று வீட்டு மரபணுவோடு அவை அதுவரை சேர்ந்து வேலை செய்ததே இல்லை.

தடை சில சமயம் அதற்கு முன்பே எழுந்துவிடும். ஏற்காட்டில் 1963ல் தொடங்கிய தேசிய ஆர்க்கிட் பூங்காவுக்குப் போனால் பூக்களின் உதடு போன்ற இதழைக் கவனியுங்கள். கையால் மகரந்தம் தடவினால் வேறு வேறு பேரினத்து ஆர்க்கிட்டுகள்கூடக் கலப்பு விதை கொடுப்பதுண்டு. காட்டில் அவை பெரும்பாலும் தனித்தே நிற்பதற்கு முக்கியமான காரணம், ஒவ்வொரு பூவுக்கும் வந்துபோகும் பூச்சி வேறு.

நான்காம் படி: களத்தில்

காலை ஒன்பது மணி. எஸ்டேட் ஓரம் பாசி படிந்த பாறை, அதன் பொந்தில் நிழல். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகியபின் பாறையின் ஒரு துண்டு மட்டும் மூச்சு விடுவது தெரியும். சாம்பல் பழுப்பு உடம்பு, முதுகில் புள்ளிகள், ஈர்க்குச்சி போன்ற விரல்கள். வீட்டுப் பல்லிக்கு விரலடியில் அகன்ற திண்டு உண்டு, கண்மணி வெளிச்சத்தில் நெட்டுக்கோடாகச் சுருங்கும். இதற்குத் திண்டு இல்லை, கண்மணி வட்டம். பகலில் உலவுவதற்கேற்ற கண். நெமாஸ்பிஸ் பேரினம். ஓர் அடி கூடுதலாக நெருங்கினால் பொந்துக்குள் போய்விடும். அடுத்த பாறைக்குத் தாவி ஓடுவதை நான் பார்த்ததில்லை. பாறையை விட்டு அகலாத இந்தக் குணம்தான் மொத்தக் கதைக்கும் சாவி. நகராதது சீக்கிரம் பிரியும்.

ஆய்வாளர்கள் இங்கே செய்வதை நாம் செய்யக் கூடாது. காப்புக்காட்டுக்குள் பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி பெற்றவர்கள் மிகச் சில மாதிரிகளை எடுத்து, வலியில்லாமல் கொன்று, கல்லீரல் அல்லது வால் திசுவில் சிறு துண்டை எத்தனாலில் போட்டு, உடலைப் பதப்படுத்தி அருங்காட்சியகத்தில் சேர்க்கிறார்கள். ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு: இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, கடல்மட்ட உயரம், நாள், நேரம், பாறையா மரமா. சீட்டு தொலைந்த மாதிரியால் இந்த ஆய்வுக்குப் பயன் இல்லை.

ஐந்தாம் படி: செதில் எண்ணுதல்

நுண்ணோக்கியின் கீழே முதுகின் புடைப்புகள், விரலடித் தகடுகள், ஆண் பல்லியின் தொடையிலும் கழிவுத்துளைக்கு முன்னாலும் உள்ள சிறு துளைகள் எல்லாவற்றையும் எண்ணுகிறார்கள். மூக்கிலிருந்து கழிவுத்துளைவரை நீளத்தை மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குவரை அளக்கிறார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் நூறு வருடம் முந்தைய மாதிரியோடு ஒப்பிட இதைவிட நம்பகமான வழி இல்லை.

ஆறாம் படி: டிஎன்ஏவைப் படித்தல்

பல்லி ஆய்வில் அதிகம் பயன்படுவது, செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள என்டி2 என்ற மரபணு, நீளம் சுமார் 1,041 டிஎன்ஏ எழுத்து. அதைப் பெருக்கி, வரிசையைப் படித்து, பக்கம் பக்கமாக அடுக்கி, வேறுபடும் எழுத்துகளை எண்ணுகிறார்கள்.

கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனை எண். இரண்டு மலைப் பல்லிகளுக்கு நடுவே 104 எழுத்து வேறு என்று வையுங்கள். கிட்டத்தட்ட 10 சதவீதம். இந்த மரபணுவுக்குப் பலர் எடுத்துக்கொள்ளும் வேகம், இரண்டு வம்சங்களுக்கிடையே பத்து லட்சம் ஆண்டுக்கு 1.3 சதவீதம். 10ஐ 1.3ஆல் வகுத்தால் சுமார் 7.7, அதாவது 77 லட்சம் ஆண்டு. இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. வேகம் உயிருக்கு உயிர் மாறும். ஒரே எழுத்து இரண்டு முறை மாறினால் ஒன்றாகத்தான் தெரியும். அதனால் பிழை வரம்போடு சேர்த்தே காலத்தைச் சொல்வார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வரும். தாய்வழியை மட்டும் வைத்து ஒரு குடும்பத்தின் கொண்டு கொடுத்தலை எழுதினால் பாதிக் கதைதான் கிடைக்கும். ஆகவே உட்கரு மரபணுக்களையும் பார்க்கிறார்கள். இரண்டும் ஒரே எல்லையைக் காட்டினால் நம்பிக்கை கூடும். முரண்பட்டால் பழைய கலப்பு நடந்திருக்கலாம்.

கடைசியில் குடும்ப மரம் வரைகிறார்கள். ஒரே மலையில் இரண்டு சிற்றினம் இருந்தால், அங்கேயே பிரிந்தனவா, தனித்தனியே வந்து சேர்ந்தனவா என்பதை மரம் சொல்லும். ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய உறவாக அமைந்தால் முதலாவது, தூரத்து மலைப் பல்லியோடு ஒன்று ஒட்டிக்கொண்டால் இரண்டாவது.

ஏழாம் படி: பெயர் வைத்தல், ஏற்காட்டின் கதை

1870ல் பெட்டோம் என்ற ஆங்கிலேய வன அதிகாரி சேர்வராயனிலிருந்து மெல்லிய பல்லி ஒன்றை விவரித்தார். ஆரஞ்சு நிறத்தது என்று பொருள்படும் ஆரன்டியாகஸ் என்ற பெயர். இன்று அதன் பேரினம் ஹெமிபில்லோடாக்டைலஸ். தென்னிந்தியாவில் எங்கே இதுபோலக் கிடைத்தாலும் இதே பெயரைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2019ல் இஷான் அகர்வால் குழு மலைமலையாகச் சேர்த்த மாதிரிகளின் டிஎன்ஏவைப் பார்த்தபோது, தீபகற்பத்தின் மலைத்தீவுகளில் ஏறக்குறைய பன்னிரண்டு சிற்றினங்கள் ஒளிந்திருந்தன. மூன்றுக்கு அப்போதே பெயர் வைத்தார்கள், அதில் ஒன்று கொல்லிமலையின் பெயர் தாங்கிய கொல்லியென்சிஸ். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தவை மலைக்கு ஒன்றாகப் பிரிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

பாறைப் பல்லியான நெமாஸ்பிஸிலும் அதே கதை. 2000ல் இந்திரனில் தாஸும் ஆரன் பாவரும் ஏற்காட்டின் பெயரால் யெர்காடென்சிஸ் என்ற சிற்றினத்தை அறிவித்தார்கள். 2019ல் சேர்வராயனிலிருந்தே மேலும் இரண்டு: ஷெவராயென்சிஸ், தாக்கரேயி. அதே ஆண்டு சங்ககிரியிலிருந்து அகர்வாலி. 2022ல் சேர்வராயனைச் சுற்றியுள்ள மலைகளிலிருந்து ஒரே ஆய்வில் ஐந்து, அதில் ஒன்று பச்சைமலையின் பெயரில். ஒரு சேலம் மாவட்டத்துக்காரருக்கு இதைவிடப் பெருமை தரும் பட்டியல் வேறு என்ன வேண்டும்?

பெயர் வைப்பதற்கும் சட்டம் உண்டு. ஒரு மாதிரியை மூல மாதிரி என்று அறிவித்து, எங்கே பாதுகாக்கப்படுகிறது என்று எழுதியே ஆக வேண்டும். பின்னால் சந்தேகம் வந்தால் அந்த ஒரு உடல்தான் சாட்சி. சேர்வராயனில் மண்ணுக்குள் வாழும் யூரோபெல்டிஸ் ஷார்ட்டி என்ற பாம்பு 1863ல் பெயர் பெற்று, பிறகு வேறொரு சிற்றினத்தோடு சேர்க்கப்பட்டு, 2014ல் பழைய மாதிரிகளை மறுபடி ஆராய்ந்த பிறகு தனிச் சிற்றினமாகத் திரும்பி வந்தது.

மலையே தேவைப்படாத பிரிவு: உங்கள் தம்ளரில் இருக்கும் காபி

இதுவரை சொன்னது மெதுவான வழி. ஒரே தலைமுறையில் நடந்துவிடும் வழியும் ஒன்று உண்டு. அதற்கு சாட்சி ஏற்காட்டு எஸ்டேட்டில் சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

ரொபஸ்டா செடிக்கு 22 குரோமோசோம். யூஜினியாய்டஸ் என்ற ஆப்பிரிக்கக் காட்டுக் காபிக்கும் 22. நெடுங்காலத்துக்கு முன்பு ஆப்பிரிக்காவில் இந்த இரண்டும் கலந்தன. ஒவ்வொரு பெற்றோரும் 11 கொடுத்த கலப்புச் செடியில் குரோமோசோம்களுக்குச் சரியான ஜோடி கிடையாது. ஆனால் மொத்தத் தொகுதியும் இரட்டித்து 44 ஆனபோது ஒவ்வொன்றுக்கும் அச்சு அசலான ஜோடி கிடைத்தது, விதை பிடித்தது. அதுதான் அராபிகா.

அந்த நொடியே அது தனிச் சிற்றினம் ஆகிவிட்டது. எப்படி? அராபிகாவின் மகரந்தத்தில் 22, ரொபஸ்டாவின் சூலில் 11. சேர்ந்தால் 33. மூன்று பேர் வந்த இடத்தில் இரண்டிரண்டாக நிற்க முடியாதல்லவா? பொதுவாக அந்தக் கன்று மலடாகவே நிற்கும். கோடை மழை விழுந்து எஸ்டேட் முழுக்க மல்லிகை வாசத்தோடு வெள்ளையாகப் பூக்கும் நாளில், ஒரே தேனீ இரண்டு செடியிலும் உட்கார்ந்து போகும். மகரந்தம் போய்ச் சேரும். ஆனாலும் இரண்டும் ஒன்றாகிவிடுவதில்லை. இடைவெளி குரோமோசோம் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. ரொபஸ்டா தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, அராபிகா ஏற்கும். ஆரம்பத்தில் தனியாக நின்ற ஒரே செடி பிழைத்து வம்சம் பெருக்க இந்தக் குணம் கைகொடுத்தது.

சுவரில் எப்போதாவது கீறலும் விழும். 1920களில் தீமோர் தீவில் அராபிகாவும் ரொபஸ்டாவும் இயற்கையாகக் கலந்து, விதை பிடிக்கிற செடி ஒன்று கிடைத்தது. இலைத்துரு நோயைத் தாங்கும் ரொபஸ்டாவின் குணம் அதில் வந்திருந்தது. காவேரி உட்பட இன்று பயிராகும் பல காபி வகைகளில் அந்தச் செடியின் ரத்தம் ஓடுகிறது. பிரிந்த சிற்றினங்களுக்கு நடுவே அபூர்வமாக நடக்கும் ஒரு கலப்பு விவசாயிக்கு வாழ்வு தந்ததற்கு இதைவிடக் கண்ணெதிரான உதாரணம் இல்லை. தாளிக்கிற கடுகும் இப்படிப் பிறந்ததே: 20 குரோமோசோம் கொண்ட ஒரு செடியும் 16 கொண்ட இன்னொன்றும் சேர்ந்து 36. கொரிய வம்சாவளி விஞ்ஞானி ஊ ஜாங்-சுன் 1935ல் இதை வெளிக்கொண்டு வந்தார்.

உங்கள் பங்குக்கு

பிடிக்காதீர்கள், கல்லைப் புரட்டினால் அதே இடத்தில் திருப்பி வையுங்கள். பல்லியைப் பார்த்தால் மூன்று படம் எடுங்கள்: முதுகு மேலிருந்து, தலை பக்கவாட்டில் கண்மணி தெரியும்படி, முடிந்தால் கால்விரல். செல்போனில் இடக்குறிப்பை இயக்கி வையுங்கள். உயரத்தையும் நேரத்தையும் பாறையா, மரமா, பங்களாச் சுவரா என்பதையும் அன்றைக்கே எழுதுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஏற்றினால் ஆய்வாளர் கண்ணில் படும். கஞ்சமலை, ஜருகுமலை, நகரமலை என்று சேலத்தைச் சுற்றி எத்தனை சின்னக் குன்றுகள்! போகிறவர்கள் படத்தோடு குன்றின் பெயரையும் எழுதுங்கள். "சேலம்" என்று மட்டும் எழுதிய படத்தில் எந்தத் தீவு என்று தெரியாது.